பணம் கொடுத்தாயிற்று, டிக்ரி தீர்ந்ததா?

ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். மகள் கல்யாணத்துக்காக 3 லட்சம் ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தவர். மூன்று வருஷம் முடியும் தறுவாயில் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு டிக்ரி வாங்கினார். அதற்கு அடுத்த தையில் விவசாயி மேட்டு நிலத்தை விற்று, ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் முன்னால் அசலும் வட்டியும் செலவுத் தொகையுமாக எண்ணி வைத்தார். "நோட்டு கோர்ட்ல கெடக்கு மாமா. கேஸை நான் முடிச்சுக்கிறேன், நீங்க நிம்மதியாப் போங்க" என்றார் வாங்கியவர். இவரும் நிம்மதியாகத்தான் போனார். ஐந்து வருஷம் கழித்து ஜப்தி உத்தரவோடு அமீனா வாசலில் நிற்கிறார். பணம் வாங்கியவர் இறந்துபோயிருக்கிறார். அப்பாவின் பெட்டியில் டிக்ரி நகலைக் கண்டெடுத்த மகன், பணம் வரவில்லை என்று உண்மையாகவே நம்பி நிறைவேற்று மனு போட்டிருக்கிறார்.

நான்கு பெரியவர்களில் இருவர் இன்னும் இருக்கிறார்கள். கூண்டேறிச் சொல்லவும் தயார். ஆனால் அவர்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ள அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. கடன் தீர்ந்ததா என்பதையே அது விசாரிக்கக் கூடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பழைய கடனைத் தீர்த்தால் நீதிமன்றத் தீர்ப்புக்கு என்ன ஆகும் என்ற கேள்வி, கேட்கும்போது எளிதாகத் தோன்றுகிறது. பணம் கொடுத்தால் கடன் போயிற்று, கடன் போனால் தீர்ப்பும் போயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். சட்டத்தின் கணக்கில் கடன் ஒரு வஸ்து, டிக்ரி வேறொரு வஸ்து. ஒன்று தீர்ந்தால் மற்றொன்று தானாகத் தீராது. இந்த இடைவெளியில் விழுகிறவர்கள் பெரும்பாலும் கடனை ஏமாற்றியவர்கள் அல்ல, நாணயமாகக் கட்டியவர்கள். இதை எழுதத் தூண்டியதும் அதுதான்.

நம் ஊர் வழக்கத்தில் கடன் தீர்வதற்கு ஓர் அடையாளம் உண்டு. பணத்தைக் கொடுத்து நோட்டைத் திரும்ப வாங்குவது, வாங்கிய நோட்டைக் கிழித்துப் போடுவது. காகிதம் போனால் கடன் போயிற்று. பெரியபுராணத்தில் சுந்தரரும் அந்த நம்பிக்கையில்தான் முதியவர் கையிலிருந்த ஆள் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படி, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கு முடிந்தது அந்த மூல ஓலையை வைத்துத்தான். வழக்குப் போட்ட பிறகு புரோநோட்டின் நிலையும் இதுதான். மூலம் வாதியின் முதல் சான்றாவணமாகக் கோர்ட் கட்டுக்குள் போய்விடுகிறது. கடனாளி திரும்ப வாங்கவும் கிழிக்கவும் எதுவும் இல்லை. அடையாளம் போய்விட்டது; அதன் இடத்தில் என்ன வர வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

தீர்ப்பு வந்த பிறகு அந்த நோட்டுக்கே உயிர் இல்லை. இதைத் துலக்கமாகக் காட்டிய வழக்கு மதராஸ் மாகாணத்திலிருந்துதான் போயிற்று. 1938-ன் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் புரோநோட்டுக் கடன்களைத் தொட முடியாது, புரோநோட்டு மத்தியச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்குள் வரும் பொருள் என்று கடன் கொடுத்தவர் தரப்பு வாதாடியது. 1940-ல் ஃபெடரல் நீதிமன்றம், டிக்ரியாகிவிட்ட கடனைப் பொறுத்தவரை அந்த வாதத்தை ஏற்கவில்லை. நோட்டின் பேரில் இருந்த பொறுப்பு டிக்ரிக்குள் கரைந்துவிட்டது, இப்போது இருப்பது டிக்ரிக் கடன் என்றது. அன்று அந்தத் தர்க்கம் விவசாயியைக் காப்பாற்றியது. அதே தர்க்கம்தான் பணம் கட்டிய பிறகும் அவரைத் துரத்துகிறது.

ஆகவே, எப்போது கட்டினார் என்பதுதான் முதல் கேள்வி. வழக்குக்கு முன்பா, வழக்கு நடக்கும்போதா, டிக்ரிக்குப் பிறகா? ஒரே தொகை இந்த மூன்று காலங்களிலும் மூன்று விதமாக வேலை செய்கிறது.

வழக்குக்கு முன் கட்டும் பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுவதும் கட்டி நோட்டை வாங்கிவிட்டால் முடிந்தது. பகுதி கட்டினால் நோட்டின் பின்புறம் வரவு எழுத வேண்டும். அந்த வரவு இரண்டு பக்கமும் வெட்டும். தொகை குறைகிறது, கூடவே, கடனாளி தன் கையெழுத்தோடு மூன்று வருஷத்துக்குள் எழுதிய வரவு, 1963-ன் காலவரையறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷத்தைத் தொடங்கி வைக்கிறது. காலாவதியான நோட்டும் முழுக்கச் செத்ததல்ல. காலாவதி என்பது வழக்குப் போடும் வழியைத்தான் அடைக்கிறது. கடன் கடனாகவே இருக்கிறது. பழைய கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைப் புதிய ஒப்பந்தமாக ஏற்கிறது. இரண்டு கடன் இருக்கும்போது எந்தக் கடனுக்கு என்று சொல்லாமல் பணம் கொடுத்தால், கடன் கொடுத்தவர் அதைக் காலாவதியான கடனிலேயே வரவு வைத்துக்கொள்ள 60-ஆம் பிரிவு இடம் தருகிறது. எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை எழுதிக் கொடுக்காத பழக்கத்துக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது.

காசோலை விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் ஒரு நல்ல தீர்ப்புத் தந்தது. 20 லட்ச ரூபாய்க்குக் காசோலை கொடுத்தவர், அது வங்கிக்குப் போகும் முன்பே சுமார் 4 லட்சம் திருப்பித் தந்திருக்கிறார். அந்த வரவைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டுத் திரும்பியிருக்கிறது. போட்ட நாளில் உண்மையில் இருந்த கடன் காசோலைத் தொகை அல்ல. ஆகவே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுக் குற்றம் ஆகாது என்றது நீதிமன்றம். கட்டிய பணத்துக்கு மதிப்புக் கொடுக்கும் தீர்ப்பு இது. காசோலை வழக்கு இதனால் நின்றது; மிச்சக் கடன் நின்றுவிடாது.

வழக்கு நடக்கும்போது கட்டுவதுதான் ஆபத்து நிறைந்தது. சம்மன் வந்ததும் பயந்துபோய் வக்கீலிடம் போகாமல் நேராகக் கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. அங்கே பேச்சு முடிகிறது, பணமும் கைமாறுகிறது. "வாய்தாவுக்கு நீங்க வர வேண்டாம், நான் பாத்துக்கிறேன்." வாய்தா அன்று பிரதிவாதி வரவில்லை என்று மூன்று முறை அழைத்துவிட்டு எக்ஸ்பார்ட்டி டிக்ரி போடப்படுகிறது. டிக்ரிக்கு முன்பே பணம் கொடுத்துவிட்டேன் என்று நிறைவேற்று மனுவில் சொன்னால், அதை அசல் வழக்கில் சொல்லியிருக்க வேண்டும் என்பதே பதில். டிக்ரிக்குப் பின்னால் போய்ப் பார்க்க நிறைவேற்றும் நீதிமன்றத்துக்கு உரிமை இல்லை. எக்ஸ்பார்ட்டியை ரத்துசெய்ய 30 நாளுக்குள் மனுப் போடலாம். இங்கே தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பது ஓர் ஆறுதல். அடுத்து வரும் 30 நாளுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

இந்தக் கட்டத்தில் முறையாகச் சமரசம் செய்தால் கிடைப்பதும் அதிகம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் கட்டளையின் 3-ஆம் விதிப்படி இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து உடன்பாட்டை நீதிமன்றம் பதிவுசெய்து அதன்படியே தீர்ப்பளிக்கும். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அந்த முடிவுக்கு டிக்ரியின் வலு உண்டு, மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பாமல் தாங்களாகவே பேசித் தீர்த்துக்கொண்டவர்களுக்கும் கட்டணம் திரும்புமா என்ற கேள்வி தமிழ்நாட்டில்தான் எழுந்தது. கிடைக்கும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். நிர்வாகத் தரப்பில் உயர் நீதிமன்றமே மேல்முறையீட்டுக்குப் போக, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. நீதிமன்றத்தின் நேரத்தை மிச்சப்படுத்தித் தாங்களே தீர்த்துக்கொண்டவரைத் தண்டிப்பது போல் சட்டத்தைப் படிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இந்த மனப்பான்மையை இங்கே குறித்துவைக்கிறேன். டிக்ரிக்குப் பிந்தைய சட்டத்தில் இது காணக் கிடைப்பதில்லை.

காசோலை வழக்கில் சமரசத்துக்குத் தாமதமே விலை. 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு படிநிலை வகுத்தது. விசாரணையின் தொடக்கத்திலேயே தீர்த்தால் கூடுதல் தொகை இல்லை. பிறகு குற்றவியல் நடுவர் மன்றத்தில் காசோலைத் தொகையில் 10 சதவீதம், அமர்வு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் 15, உச்ச நீதிமன்றம் வரை இழுத்தால் 20. 2025-ல் இந்த விகிதங்களைக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் கடனாளி முழுப் பணத்தையும் நீட்டினாலும் புகார்தாரர் சம்மதிக்காமல் இந்தக் குற்றத்தைச் சமரசம் செய்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் மறுபடி சொன்னது. அந்த வழக்கில் புகார்தாரர் பணத்தை வாங்கிக்கொண்டும் சம்மதம் தர மறுத்தார். கடைசியில் உச்ச நீதிமன்றம் தனக்கு மட்டுமே உள்ள சிறப்பு அதிகாரத்தால்தான் அந்த வழக்கை முடித்துவைக்க முடிந்தது. கீழ் நீதிமன்றங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை.

டிக்ரிக்குப் பிந்தைய காலத்தில்தான் நான் அதிகம் தங்க வேண்டும். இங்கே ஆள்வது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை. அதன் முதல் விதி எப்படிக் கட்டலாம் என்று சொல்கிறது: நீதிமன்றத்தில் செலுத்தலாம், டிக்ரி பெற்றவருக்கு மணியார்டரிலோ வங்கி மூலமோ அனுப்பலாம், எழுத்துச் சான்று உள்ள வேறு வழியில் நேராகவும் கொடுக்கலாம். நீதிமன்றத்தில் கட்டி எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சார்பு செய்துவிட்டால் அன்றோடு வட்டி நிற்கிறது. பாதுகாப்பான வழி அதுதான். வெளியே கொடுத்தால் இரண்டாம் விதி வருகிறது. பணம் வாங்கியவர் அதை நீதிமன்றத்துக்குச் சான்றளிக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் கடனாளி மனுப் போட்டு, ஏன் பதிவுசெய்யக் கூடாது என்று அவருக்கு அறிவிப்பு அனுப்பச் சொல்லலாம். இரண்டும் நடக்காவிட்டால் அப்படிக் கொடுத்த பணத்தை, டிக்ரியை நிறைவேற்றும் எந்த நீதிமன்றமும் கண்டுகொள்ளக் கூடாது.

கடனாளி அந்த மனுவைப் போட எத்தனை நாள்? 1908-ன் காலவரையறைச் சட்டம் 90 நாள் தந்தது. 1963-ன் சட்டம் 125-ஆம் இனத்தில் அதை 30 நாளாகச் சுருக்கியது. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் மன்னிக்க இடம் தரும் 5-ஆம் பிரிவு, 21-ஆம் கட்டளை மனுக்களை வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடந்தேன், படிக்கத் தெரியாது, வக்கீல் சொல்லவில்லை என்று எதைச் சொன்னாலும் 31-ஆம் நாள் கதவு மூடிவிடுகிறது. டிக்ரி நிறைவேற்றம் தொடர்பான எல்லாக் கேள்வியையும் நிறைவேற்றும் நீதிமன்றமே தீர்மானிக்கலாம் என்று 47-ஆம் பிரிவு பரந்த அதிகாரம் தருகிறதே, அதன் வழியாக நுழையலாமே என்று முயன்றவர்கள் உண்டு. 1997-ல் வெளியான ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதையும் அடைத்தது. 47 பொதுவானது, இரண்டாம் விதி சிறப்பானது, சிறப்பே மேலோங்கும் என்றது.

கட்டியதைப் பதிவுசெய்ய 30 நாள். கட்டவில்லை என்று சொல்லி டிக்ரியை நிறைவேற்ற 136-ஆம் இனத்தின்படி 12 வருஷம். பணம் வாங்கியவர் சான்றளிக்கக் காலக்கெடுவே இல்லை, சான்றளிக்காமல் இருப்பதற்குத் தனியாக ஒரு தண்டமும் இல்லை. கடமை அவருடையது என்று சட்டம் சொல்கிறது. கடமை தவறியதன் விளைவை அடுத்தவர் தலையில் வைக்கிறது. இந்தச் சட்டத்தின் மீது எனக்குள்ள குறை இவ்வளவுதான், ஆனால் அது சின்னக் குறை அல்ல.

பகுதியாகக் கட்டியவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். டிக்ரிக் கடனுக்குக் கட்டும் பணம், வேறு ஏற்பாடு இல்லாதபோது, முதலில் வட்டிக்கும் செலவுக்கும் போகிறது, மிஞ்சியதுதான் அசலுக்கு. பாதி கட்டிவிட்டேன் என்று நினைப்பவரின் அசல் அப்படியே நிற்கலாம். அதே சமயம், நோட்டில் எழுதும் வரவு போல டிக்ரிக்குக் கட்டும் பகுதித் தொகை 12 வருஷக் காலத்தை நீட்டாது. காலவரையறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் கடன் என்ற சொல்லுக்குள் நீதிமன்ற டிக்ரித் தொகை அடங்காது என்று விளக்கமே இருக்கிறது.

டிக்ரித் தொகையைக் கட்டினால் மேல்முறையீடு செய்யும் உரிமை போய்விடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. நிறைவேற்றத்துக்குப் பயந்து கட்டியதாலேயே அந்த உரிமை போவதில்லை. மேல் நீதிமன்றம் டிக்ரியை மாற்றினால் கட்டியதைத் திரும்பப் பெற 144-ஆம் பிரிவு வழிசெய்கிறது. இனி எனக்கு இந்த வழக்கில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டால் கதை வேறு.

இவ்வளவு கடுமையான விதியை ஏன் வைத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1859-ன் முதல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே, அதன் 206-ஆம் பிரிவில், இந்த விதி இருக்கிறது. காரணம் கற்பனையானதல்ல. டிக்ரி கையில் வந்த பிறகுதான் வழக்காடியின் கஷ்டமே தொடங்குகிறது என்ற பொருள்பட பிரிவி கவுன்சில் 1872-லேயே இந்திய வழக்கொன்றில் சொல்லிவிட்டது. ஜப்திக்குப் போனால், கொடுத்துவிட்டேன், இதோ சாட்சி என்று நான்கு பேரைக் கூட்டிவரும் கடனாளிகள் அன்றும் இருந்தார்கள். அப்படி ஒவ்வொரு நிறைவேற்று மனுவும் இன்னொரு வழக்காக மாறினால் தீர்ப்புக்குப் பொருள் இல்லை. இன்றும் நிலைமை தேறவில்லை. நாடு முழுவதும் 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் நிலுவையில் இருப்பது, தமிழ்நாட்டு வழக்கொன்றை ஒட்டி உச்ச நீதிமன்றம் 2025-ல் கேட்டு வாங்கிய கணக்கில் தெரியவந்தது. பணத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டு, தீர்ப்பையும் வாங்கிவிட்டு, தாசில்தார் அலுவலகத்துக்கும் கோர்ட்டுக்கும் நடந்து தேயும் விதவைகளும் ஓய்வூதியக்காரர்களும் இந்தக் கணக்கில் இருப்பார்கள். கடனாளி என்றாலே பாவப்பட்டவர் என்று எழுதுவது எளிது, உண்மை அதுவல்ல.

ஆனால் 1976-ல் நாடாளுமன்றம் ஒரு மாற்றம் செய்தது. இரண்டாம் விதிக்குள் 2-ஏ என்று ஓர் உட்பிரிவு வந்தது. முதல் விதியில் சொன்ன முறையில் கட்டியிருக்க வேண்டும், அல்லது ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும், அல்லது வாங்கியவரே ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கடனாளி கேட்டு எதையும் பதிவுசெய்யக் கூடாது. வாய்ச்சாட்சிக்கு இனி இடமே இல்லை. அப்படியென்றால் 1859-ல் பயந்த பயம் 1976-லேயே தீர்ந்தது. பொய்ச்சாட்சியைத் தடுக்க ஆவணம் வேண்டும் என்ற விதி இருக்கும்போது, ஆவணம் வைத்திருப்பவரையும் 31-ஆம் நாள் வெளியே தள்ளும் விதி யாரைத் தடுக்கிறது? வங்கிக் கணக்கில் போன தொகை, யுபிஐ குறிப்பு, கையெழுத்திட்ட ரசீது, ஏன், கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்த பதிவுசெய்யப்பட்ட கிரயப் பத்திரம் வரை எல்லாம் காலம் கடந்தால் நிறைவேற்றும் நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றன. 1963-ல் நாளைச் சுருக்கியபோது 1976-ன் பாதுகாப்பு இல்லை. 1976-ல் பாதுகாப்பைக் கொண்டுவந்தபோது நாளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பூட்டும் ஒரே கதவில் தொங்குகின்றன.

வெளியே பரிகாரமே இல்லையா? இருக்கிறது. நிறைவேற்றும் நீதிமன்றம் கண்டுகொள்ளாவிட்டாலும், இரண்டு முறை வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லித் தனியாக வழக்குப் போடலாம். அதாவது முதலில் இரண்டாம் முறையும் கட்ட வேண்டும், பிறகு கட்டணம் செலுத்தி வாதியாகி, வருஷக்கணக்கில் நடந்து, அதிலும் டிக்ரி வாங்கி, அதையும் நிறைவேற்ற வேண்டும். குற்றவியல் வழியும் உண்டு. தீர்ந்துபோன டிக்ரியை மோசடியாக நிறைவேற்றுவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 210-ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறைக்குரிய குற்றமாக இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 247-ஆம் பிரிவாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் போலீஸ் ஸ்டேஷனில் நேராகப் புகார் கொடுத்து இதைத் தொடங்க முடியாது, சம்பந்தப்பட்ட நீதிமன்றமே புகார் தர வேண்டும். தொடக்கத்தில் பார்த்த மகனைப் போல, அப்பா வாங்கியது தெரியாமலே மனுப் போட்டவரிடம் மோசடியும் இல்லை.

கடமையை வாங்கியவர் மேல் வைத்து, மீறினால் தண்டமும் வைத்த ஊர்கள் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் தீர்ப்புத் தொகை முழுவதும் வந்துசேர்ந்தால் 20 நாளுக்குள் வாங்கியவர் தீர்வுப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கடனாளிக்கு 100 டாலர் தர வேண்டும். கலிபோர்னியாவில் கடனாளி எழுதிக் கேட்ட 15 நாளுக்குள் செய்ய வேண்டும். காரணமின்றித் தவறினால் நஷ்டஈடும் கூடவே 100 டாலரும். தொகை சொற்பம்தான். ஆனால் யார் தவறினால் யார் கட்ட வேண்டும் என்பதில் அங்கே குழப்பம் இல்லை. இங்கிலாந்தில் தீர்ப்புகளுக்குப் பொதுப் பதிவேடு இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் கட்டியவர் பெயர் அதிலிருந்தே நீங்கும். பிறகு கட்டினால் தீர்ந்தது என்ற குறிப்போடு, தீர்ப்பு நாளிலிருந்து 6 வருஷம் வரை பெயர் நிற்கும். அங்கும் ஒரு மாதக் கெடுதான். ஆனால் அதைத் தவறவிட்டவர் இழப்பது நற்பெயரை, கட்டிய பணத்தை அல்ல.

கட்டத் தாமதித்தவருக்குச் சொத்து ஏலம் போன பிறகும் சட்டம் சில வாசல்களைத் திறந்தே வைத்திருக்கிறது. 21-ஆம் கட்டளையின் 89-ஆம் விதிப்படி, ஏலம் நடந்த 60 நாளுக்குள் ஏல அறிவிப்பில் கண்ட டிக்ரித் தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு அவர் விலையில் 5 சதவீதத்தையும் கட்டினால் ஏலம் ரத்தாகும். அடமானக் கடனில் ஏலம் உறுதியாகும் வரை கட்டி மீட்கலாம். வங்கிகள் கையாளும் சர்ஃபாசி சட்டத்தில் 2016 திருத்தத்துக்குப் பிறகு வாசல் குறுகிவிட்டது. ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் மீட்கும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உறுதிசெய்தது. ஒரே தவணையில் தீர்க்கும் திட்டத்தை வங்கி தந்தே தீர வேண்டும் என்று கேட்கவும் கடனாளிக்கு உரிமை இல்லை. கைது விஷயத்தில் மட்டும் சட்டம் கொஞ்சம் மனசோடு பேசுகிறது. கொச்சி வங்கி வழக்கில் 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கட்ட வக்கில்லாதவரைக் கட்டவில்லை என்பதற்காகவே சிறையில் தள்ளக் கூடாது, வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுத்தால்தான் அது பொருந்தும் என்று தீர்ப்பளித்தார். பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைதுசெய்ய முடியாது. மற்றவர்களுக்கும் மூன்று மாதமே உச்சவரம்பு. சிறையிலிருந்து வந்தாலும் கடன் அப்படியே இருக்கும்.

டிக்ரி என்றால் கல்லில் வெட்டியது, அதைத் தொடக் கூடாது என்று சொல்பவர்களுக்கு 1938-ஐ நினைவூட்ட வேண்டும். ராஜாஜி மதராஸ் மாகாணப் பிரதமராக இருந்தபோது வந்த அந்தக் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-க்கு முந்தைய விவசாயக் கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை ஏறி நின்ற வட்டி முழுவதையும் தள்ளியது. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் அசலும் சேர்ந்தே தீர்ந்ததாகக் கொள்ளச் சொன்னது. வட்டி அசலைத் தாண்டி வளரக் கூடாது என்ற தம்துபத் என்னும் பழைய தர்ம சாஸ்திரக் கோட்பாட்டின் சாயல் அதில் இருக்கிறது. நமக்கு முக்கியமானது 19-ஆம் பிரிவு. சட்டம் வருவதற்கு முன்பே டிக்ரி ஆகிவிட்டிருந்தாலும், விவசாயி மனுப் போட்டால் நீதிமன்றம் பழைய வரவுகளை எல்லாம் கணக்குப் பார்த்து டிக்ரியைத் திருத்த வேண்டும், அல்லது தீர்ந்தது என்றே பதிய வேண்டும். கட்டிய பணத்தைத் தேடிப்போய் எண்ணிப் பார்க்கும்படி ஒரு சட்டம் நீதிமன்றத்துக்கு ஆணையிட்டது. அதனால் டிக்ரிகளின் மதிப்பு போய்விடவில்லை. அந்தக் கடன்காரர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் நாம் 30 நாளில் வந்து நிற்கிறோம்.

மாற்ற வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆவணச் சான்றோடு கட்டிய பணத்துக்கு 30 நாள் கெடுவை எடுத்துவிடலாம். குறைந்தது 5-ஆம் பிரிவின் மன்னிப்பையாவது அதற்கு நீட்டலாம். வாங்கியவர் குறித்த நாளுக்குள் சான்றளிக்கத் தவறினால் ஒரு தொகை கட்டச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், கடனாளி கையில் கிடைக்கும் டிக்ரி நகலிலேயே, வெளியே பணம் கொடுத்தால் 30 நாளுக்குள் இந்த நீதிமன்றத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று தமிழில் இரண்டு வரி அச்சடிக்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது என்பது என் எண்ணம். ஜப்தி வரும்போதுதான் அந்த விதி இருப்பதையே பலரும் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

அதுவரை, இருக்கிற சட்டத்துக்குள் கடனாளி செய்யக்கூடியது ஒன்றுதான். பணம் எண்ணி வைக்கும் அன்றே, வழக்கு எண்ணும் நீதிமன்றத்தின் பெயரும் தொகையும் குறித்த ரசீதில் வாங்கியவரின் கையெழுத்தைப் பெற வேண்டும். அதே கையோடு, டிக்ரித் தொகை முழுவதும் வந்துவிட்டது, முழு நிறைவு பதியலாம் என்று நீதிமன்றத்துக்கு ஒரு மெமோவிலும் அவரும் அவர் வக்கீலும் கையெழுத்திட வேண்டும். அவர் தயங்கினால் பணத்தை அவரிடம் தரக் கூடாது, கோர்ட்டில் கட்ட வேண்டும். ஏற்கனவே கொடுத்துவிட்டவர்கள் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முப்பது நாள் தாண்டியவர்களுக்கு நிறைவேற்றும் நீதிமன்றத்தில் மிஞ்சுவது, எதிர்த்தரப்பு தாக்கல் செய்யும் நிறைவேற்று மனு மட்டும்தான். 21-ஆம் கட்டளையின் 11-ஆம் விதி அந்த மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. வழக்கு எண், தரப்பினர் பெயர், டிக்ரி தேதி, மேல்முறையீடு உண்டா என்று வரிசையாக வந்து, டிக்ரிக்குப் பிறகு தரப்பினருக்குள் பணமோ வேறு ஏற்பாடோ ஏதாவது நடந்ததா, நடந்தால் என்ன என்று ஒரு கட்டம் வருகிறது. உண்மை என்று உறுதிகூறிக் கையெழுத்திட்டுத்தான் அதை நிரப்ப வேண்டும். அதில் வாங்கியதை எழுதினால் அதுவே சான்றளித்ததற்குச் சமம். பணம் கொடுத்து எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் செல்லும். அந்த விவசாயியின் மேட்டு நிலம், நான்கு பெரியவர்கள், தை மாதத்து மாலை எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும். அப்பாவின் கணக்கு நோட்டைத் திறந்தே பார்க்காத மகன், குமாஸ்தா நீட்டிய படிவத்தில், அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்.